90 புள்ளிகள்: ஜப்பானிய மல்யுத்த லீக்கில் யார் தோற்பது?

90 என்ற எண்ணை மனசுல வச்சுக்கோங்க. இந்தக் கட்டுரை முழுக்க அது வரும்.

ஒரு பிரிவில் பத்து மல்யுத்த வீரர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒருமுறை மோத வேண்டும். மொத்தம் 45 ஆட்டங்கள். ஜெயித்தால் 2 புள்ளி, சமன் ஆனால் ஆளுக்கு 1, தோற்றால் பூஜ்யம். நடுவர் இருவரையுமே வெளியேற்றிவிடும் அபூர்வமான ஆட்டங்களை விட்டுவிட்டால், எப்படிக் கலைத்துப் போட்டாலும் புள்ளிப் பட்டியலின் கூட்டுத்தொகை 90தான். ஒருத்தருக்குக் கூடினால் இன்னொருத்தருக்குக் குறையும்.

நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் என்ற நிறுவனம் ஒவ்வொரு வருடமும் நடத்தும் ஜி-1 கிளைமாக்ஸ் போட்டி, 2015 முதல் 2019 வரை இந்தக் கணக்கில்தான் நடந்தது. 20 பேர், இரண்டு பிரிவுகள், நான்கைந்து வாரங்களுக்குள் 19 நாள் நிகழ்ச்சிகள். ஜப்பானின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஊர் ஊராகப் பேருந்தில் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிவாங்கும் போட்டி. 2014 டிசம்பரில் அவர்களே 999 யென் மாதச் சந்தாவில் இணைய ஒளிபரப்பு ஆரம்பித்த பிறகு, என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது முழுசாகக் கிடைத்தது. அங்கே மாலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தால் நமக்கு மதியம் மூன்று மணி. அலுவலக நேரம். சாயங்காலம் வரை முடிவைத் தெரிந்துகொள்ளாமல் தப்பிப்பதே தனிப் போட்டி. எக்செல் ஷீட் ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் யார் யாருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அதெல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே? அதுக்கு எதுக்குப் புள்ளிக் கணக்கு?"

ஆமாம், பேசி வைத்ததுதான். யார் ஜெயிப்பது என்று நிறுவனத்தில் ஒருவர் முடிவு செய்கிறார். ஆனால் பேசி வைத்தது என்பதால்தான் அந்தப் பட்டியலே முக்கியமாகிறது என்பது என் கட்சி. சாதாரண நாட்களில் அந்த முடிவெடுப்பவர் தன் நட்சத்திரங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இவரையும் அவரையும் மோதவிடாமலே வருடங்களை ஓட்டலாம். லீக் என்று அறிவித்துவிட்டால் அது முடியாது. எல்லோரும் எல்லோரோடும் மோதியாக வேண்டும், 90 புள்ளி 91 ஆகாது, யாராவது தோற்றாக வேண்டும். அதனால் இந்த லீக் போட்டிகளின் வரலாற்றை ஜெயித்தவர்களின் பட்டியலாக நான் படிப்பதில்லை. யார் தோற்க ஒத்துக்கொண்டார், யார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் படிக்கிறேன். அப்படிப் படித்தால் சுவாரசியமான விஷயங்கள் கிடைக்கும்.

முதலில் ரிக்கிடோசான். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தை. 1924இல் கொரியாவில் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்-ராக். சுமோ வீரராக 1940இல் களமிறங்கி, செகிவாகே என்ற மூன்றாம் உயர்நிலை வரை போய், 1950இல் விலகினார். 1951இல் இந்தத் தொழிலுக்கு வந்தார். 1954 பிப்ரவரியில் அவரும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் ஒரு பக்கம், ஷார்ப் சகோதரர்கள் மறுபக்கம் என்று நடந்த ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வந்தன. வீட்டில் டிவி வாங்க வசதி இல்லாத காலம். தெருமுனைகளில் வைத்திருந்த டிவிகளுக்கு முன்னால் கூட்டம் முண்டியடித்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. பெரிய உருவ வெள்ளைக்காரர்களை ஒரு ஜப்பானியர் வெறும் கையால் வெட்டி வீழ்த்துகிறார் என்று ஜனங்கள் பார்த்தார்கள். அந்த ஜப்பானியர் கொரியாவில் பிறந்தவர் என்பது அவர் உயிரோடு இருந்தவரை பொதுமக்களிடம் மறைக்கப்பட்டே இருந்தது.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. நம்ம ஊரில் தாத்தா தலைமுறை தாராசிங், கிங்காங் என்று சேர்த்தே சொல்லுமே, அந்த ஹங்கேரிக்காரர் கிங்காங்தான் 1955 நவம்பரில் தோக்கியோவுக்குப் போய் ஆசிய சாம்பியன் பட்டத்துக்கு ரிக்கிடோசானோடு மோதித் தோற்றவர். அதே பயணத்தில் பஞ்சாபிலிருந்து போன டைகர் ஜோகிந்தர் சிங்கும் கிங்காங்கும் ஜோடி சேர்ந்து ஆசிய இரட்டையர் பட்டத்தை ஜெயித்தார்கள். தனிப் பட்டம் உள்ளூர் ஆளுக்கு, இரட்டையர் பட்டம் விருந்தாளிக்கு. பங்கீடு புரிகிறது இல்லையா.

1959இல் ரிக்கிடோசான் உலக லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார். லூ தெஸ்ஸோடு மோதிய 1957, 58 பரபரப்புக்குப் பிறகு வியாபாரம் படுத்திருந்த நேரம். பல நாட்டு வீரர்களை ஒன்றாக வரவழைத்து, புள்ளிப் பட்டியல் போட்டு, வாரக்கணக்கில் ஊர் ஊராக நடத்தினார். முகமூடி போட்ட மிஸ்டர் அட்டாமிக் மாதிரி ஆட்கள் வந்தார்கள். கூட்டம் திரும்ப வந்தது.

இந்தப் புள்ளிப் பட்டியல் அங்கே ஏன் உடனே பிடித்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. ஜப்பானியர்களுக்கு அது ஏற்கனவே தெரிந்த வடிவம். சுமோவில் ஒரு தொடருக்கு 15 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு ஆட்டம். ஜெயித்தால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு வட்டம். அந்தக் கட்டத்துக்கு ஹோஷிடோரி என்று பெயர், நட்சத்திரம் பறிப்பது என்று சொல்லலாம். செய்தித்தாளில் அதைப் பார்த்தே ஒரு வீரரின் நிலைமையைப் படித்துவிடுவார்கள், நாம் ஸ்கோர்கார்டு படிப்பது மாதிரி. ரிக்கிடோசான் சுமோவிலிருந்து வந்தவர். வாரக்கணக்கில் மெல்ல நிரம்பும் அந்தக் கட்டத்தின் ருசி அவருக்குத் தெரியும்.

ஆனால் அதில் தனக்குக் கறுப்பு வட்டம் நிறைய விழுவதை அவர் விரும்பவில்லை. 1959 முதல் 1963 வரை ஐந்து உலக லீக்குகள், ஐந்திலும் கோப்பை ரிக்கிடோசானுக்கே. நிறுவனம் அவருடையது, டிவி அவருடையது, கோப்பையும் அவருடையது. 1963 டிசம்பர் 8 அன்று தோக்கியோவின் அகசாக்கா பகுதி இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்து வாங்கி, ஒரு வாரம் கழித்து இறந்தார். 39 வயது.

அடுத்து வந்தவர்கள் அவருடைய இரண்டு சீடர்கள். பழைய பேஸ்பால் பந்துவீச்சாளர் ஜயன்ட் பாபா, உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். இன்னொருவர், பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திலிருந்து ரிக்கிடோசான் கண்டெடுத்து அழைத்துவந்த அன்டோனியோ இனோகி. நிறுவனம் பாபாவைத்தான் முன்னால் நிறுத்தியது. இனோகி எப்போதும் இரண்டாம் ஆள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது.

1969, பதினோராவது உலக லீக். முடிவில் நான்கு பேர் சம புள்ளியில் நிற்கிறார்கள்: பாபா, இனோகி, போபோ பிரேசில், கிறிஸ் மார்க்கோஃப். பாபாவும் பிரேசிலும் ஒரு ஆட்டம், இனோகியும் மார்க்கோஃபும் ஒரு ஆட்டம், ஜெயிப்பவர்கள் மோதிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. பாபா–பிரேசில் ஆட்டம் நேரம் முடிந்து சமன். இருவரும் வெளியே. மார்க்கோஃபை இனோகி தன் ஆக்டோபஸ் பிடியில் மடக்கினார். மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். இனோகி சாம்பியன்!

என்ன நடந்திருக்கிறது பாருங்க. இரண்டாம் ஆளுக்குக் கோப்பை கொடுத்தாகிவிட்டது, முதல் ஆள் யாரிடமும் தோற்கவில்லை. அந்தச் சமன் என்ற ஒரு புள்ளிக்குள்ளே ஒரு நிறுவனத்தின் அரசியல் முழுக்க ஒளிந்திருக்கிறது. அதே வருடம் ஜூலையில் இன்னொரு டிவி நிறுவனம் இனோகியை மையமாக வைத்து மல்யுத்த ஒளிபரப்பை ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கோப்பை எதற்குத் தேவைப்பட்டது என்பதும் விளங்கும். இந்த மாதிரி ஒட்டுப்போடும் வேலையை மென்பொருள் துறையில் தினம் பார்க்கிறோம். அடிப்படையைத் தொடாமல் மேலே ஒரு விதிவிலக்கு எழுதி ஓட்டுவது. கொஞ்ச நாள் ஓடும். 1971 டிசம்பரில் இனோகி நீக்கப்பட்டார். 1972இல் அவர் நியூ ஜப்பானை ஆரம்பித்தார். பாபாவும் விலகி அதே வருடம் ஆல் ஜப்பானை ஆரம்பித்தார். தாய் நிறுவனம் 1973இல் மூடப்பட்டது. பாபாவும் இனோகியும் அதன்பின் ஒருவரோடு ஒருவர் தனியாட்டம் ஆடவே இல்லை. இரண்டு நிறுவனம் என்றால் இரண்டு பட்டியல், யாரும் யாரிடமும் தோற்க வேண்டாம்.

பாபா 1973இல் சாம்பியன் கார்னிவல் என்ற போட்டியை ஆரம்பித்து ஏழு முறை தானே ஜெயித்தார். இனோகி பக்கமும் 1978 முதல் 1981 வரை எம்எஸ்ஜி தொடரை வரிசையாக நான்கு வருடம் இனோகியே ஜெயித்தார். குருவின் வழியே சீடர்களும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

1983 வேறு கதை. உலகத்தில் உள்ள பட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி உண்மையான ஒரே சாம்பியனைக் காட்டுவேன் என்று இனோகி பல வருடம் முழங்கிய கனவு ஐடபிள்யூஜிபி. அதன் முதல் லீக்கின் இறுதியாட்டம் ஜூன் 2, குராமே கொகுகிகான் அரங்கம். எதிரே ஹல்க் ஹோகன். அரங்கில் இருந்த யாருக்கும் சந்தேகம் இல்லை, இது இனோகியின் முடிசூட்டு விழா. ஹோகன் கையை வீசி அடித்த அடியில் இனோகி வளையத்துக்கு வெளியே விழுந்தார். உள்ளே தூக்கிப் போட்டார்கள். நாக்கு வெளியே தள்ளியபடி அசையாமல் கிடந்தார். ஹோகன் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. இனோகியை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பொதுச் செய்தித்தாள்கள்கூட எழுதின.

அது நிஜ விபத்தா, இனோகியே யாருக்கும் சொல்லாமல் மாற்றிய முடிவா என்று நாற்பது வருடமாக வாதம் நடக்கிறது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். எல்லோரும் எதிர்பார்த்த வெற்றி மறுநாளே மறந்துபோகும். அந்தத் தோல்வியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நிறுவனர் ஒருவர் தன் வாழ்நாள் கனவின் கடைசிக் கட்டத்தில் தனக்குத்தானே கறுப்பு வட்டம் போட்டுக்கொண்டார் என்றால், தோல்விக்கு என்ன விலை என்று அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வருடமே அதைக் கெடுத்தார் என்பது தனி. 1984 ஜூன் 14, அதே குராமே, அதே ஹோகன். ரிக்கி சோஷு இடையில் புகுந்து ஹோகனைத் தாக்க, ஹோகன் நேரத்துக்குள் வளையத்துக்குத் திரும்ப முடியாமல் போக, இனோகி சாம்பியன். ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்த ரசிகருக்கும் அளவுகோல் உண்டு. எழுதுங்கள், ஆனால் ஏமாற்றாதீர்கள் என்பதுதான் அது. 1987 டிசம்பரில் ரியோகொகுவில் புதிதாகக் கட்டிய கொகுகிகானிலும் நியூ ஜப்பான் இதே மாதிரி ஒரு கலவரத்தைச் சம்பாதித்து, அந்த அரங்கில் நுழையத் தடை வாங்கியது. தடை நீங்க 1989 ஆனது.

இப்போது 1991 ஆகஸ்ட். இனோகி 1989இல் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி அரசியலுக்குப் போய்விட்டார். நிறுவனத் தலைவர் செய்ஜி சகாகுச்சி. ஆட்டங்களின் முடிவைத் தீர்மானிப்பவர் அந்தப் பழைய ரிக்கி சோஷு. அங்கே இந்தப் பதவிக்கு கெம்பா கன்டோகு என்று பெயர். கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம். நம் கட்டிட வேலை மேஸ்திரி மாதிரி வைத்துக்கொள்ளலாம். சோஷுவும் கொரிய வம்சாவளிதான். 1972 முனிச் ஒலிம்பிக்கில் தென்கொரியா சார்பில் மல்யுத்தத்தில் கலந்துகொண்டவர். ரிக்கிடோசான் காலத்தில் மறைக்க வேண்டியிருந்த ஒன்று, இவர் விஷயத்தில் ஒலிம்பிக் பதிவேட்டிலேயே இருக்கிறது.

சகாகுச்சியும் சோஷுவும் ஆரம்பித்த புது லீக்தான் ஜி-1 கிளைமாக்ஸ். பெயர் குதிரைப் பந்தயத்திலிருந்து. அங்கே முதல் தரப் பந்தயங்களுக்கு ஜி-1 என்று பெயர். எட்டே பேர், இரண்டு பிரிவு, ஐந்து நாள். ஒரு பிரிவில் தட்சுமி ஃபுஜினாமி, கெய்ஜி முட்டோ, வேடர், ஸ்காட் நார்ட்டன். இன்னொன்றில் சோஷு, மசாஹிரோ சோனோ, ஷின்யா ஹாஷிமோட்டோ, பாம் பாம் பிகலோ. முட்டோ, சோனோ, ஹாஷிமோட்டோ மூவரும் ஒரே காலத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர்கள், மூன்று துப்பாக்கி வீரர்கள் என்று பட்டப்பெயர். மூவரில் சோனோதான் பின்தங்கியவர் என்று பேச்சு.

சோஷுவின் பிரிவில் நான்கு பேர், ஆறு ஆட்டங்கள், 12 புள்ளிகள். அதை யாருக்கு எவ்வளவு என்று எழுதும் பேனா சோஷு கையில். அவர் தனக்கு எழுதிக்கொண்டது பூஜ்யம்! மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி.

ரிக்கிடோசானின் ஐந்துக்கு ஐந்தையும் பாபாவின் ஏழையும் பார்த்துவிட்டு இந்தப் பூஜ்யத்தைப் பாருங்கள். முப்பது வருடமாகப் பேனா வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்களுக்கே வெள்ளை வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மேஸ்திரி தன் பங்குப் புள்ளிகளை எடுத்து அப்படியே இளைஞர்களின் கணக்கில் போட்டுவிட்டார். சோனோவும் ஹாஷிமோட்டோவும் சம புள்ளியில் முடித்தார்கள். கடைசி நாள், ஆகஸ்ட் 11, ரியோகொகுவில் சோனோ முதலில் ஹாஷிமோட்டோவை ஜெயித்து, பிறகு அதே இரவில் முட்டோவையும் பவர்பாம் போட்டு வீழ்த்தினார். யாரும் எதிர்பார்க்காத சாம்பியன். உட்கார்ந்திருந்த சபுட்டோன் மெத்தைகளை ரசிகர்கள் வளையத்தை நோக்கி வீச ஆரம்பித்தார்கள். சுமோவில் யோகொசுனா எனும் உச்ச வீரர் தோற்கும்போது செய்யும் வழக்கம் அது. அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். பறவைக் கூட்டம் மாதிரி மெத்தைகள் பறக்கும். நான்கு வருடத்துக்கு முன் இதே அரங்கத்தில் பறந்தவை கோபத்தில் பறந்தவை.

ஐந்து வருடம் கழித்து, 1996 ஜி-1இல் சோஷு எல்லா ஆட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையும் வாங்கிக்கொண்டார். மனுஷன்தானே.

பாபாவின் ஆல் ஜப்பானில் இந்த மாற்றம் வேறு விதமாக நடந்தது. 1991இல் சாம்பியன் கார்னிவல் மறுபடி தொடங்கியபோது பாபாவுக்கு வயதாகிவிட்டது. மிட்சுஹாரு மிசாவா, தோஷியாகி கவாடா, கென்டா கோபாஷி ஆகியோரின் காலம். மிசாவாவும் கவாடாவும் ஒரே உயர்நிலைப் பள்ளி மல்யுத்த அணியில் இருந்தவர்கள். மிசாவா ஒரு வகுப்பு மேலே. நிறுவனத்திலும் அதே வரிசைதான். கவாடாவால் தனியாட்டத்தில் மிசாவாவின் தோளைத் தரையில் பதிக்க முடிந்ததே இல்லை, வருடக்கணக்கில்.

1997 கார்னிவல் முடிவில் மூவரும் சம புள்ளி. ஏப்ரல் 19, நிப்பான் புடோகான். ஒரே இரவில் மூவரும் ஒருவரோடு ஒருவர் மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் மிசாவாவும் கோபாஷியும். 30 நிமிடம், சமன். மிசாவா மூச்சு வாங்கி நிற்கும்போதே கவாடா வருகிறார், ஆடாத புது உடம்போடு. ஆறு, ஏழு நிமிடத்தில் மிசாவாவைத் தரையில் பதித்துவிட்டார். முதல் முறை! அடுத்து கோபாஷியையும் ஜெயித்துக் கோப்பை வாங்கினார்.

ஆனால் அது வெற்றியா? அரை மணி நேரம் ஆடிக் களைத்தவரைத்தானே ஜெயித்தார்? ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சந்தேகம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கவாடாவுக்கு வெள்ளை வட்டம் கிடைத்தது, மிசாவாவின் பெயருக்குக் கீறல் இல்லை. பாபா 1969 பாடத்தை மறக்கவில்லை. கவாடா முழு உடம்போடு நின்ற மிசாவாவைப் பட்டத்துக்காக ஜெயிக்க 1998 மே 1 தோக்கியோ டோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜி-1க்குத் திரும்பினால், 2016இல் அதே பழைய சூத்திரம் வருகிறது. முதல் பிரிவின் கடைசி நாளில் கசுச்சிகா ஒக்காடாவும் ஹிரோஷி டானஹாஷியும் 30 நிமிடம் மோதிச் சமன் ஆனார்கள். இருவரும் 11 புள்ளியில் நின்றுவிட, 12 எடுத்திருந்த ஹிரோக்கி கோட்டோ இறுதியாட்டத்துக்குப் போனார். அங்கே அவரை ஜெயித்த கனடாக்காரர் கென்னி ஒமேகா, ஜி-1 வரலாற்றின் முதல் வெளிநாட்டுச் சாம்பியன். வெளிநாட்டுக்காரர்களை வரவழைத்துத் தோற்கடிப்பதற்காக 1959இல் பிறந்த வடிவம் அங்கே வந்து சேர 57 வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த வருடம் இன்னும் நுணுக்கம். ஒக்காடாவும் ஒமேகாவும் ஜூனில் ஒசாக்காவில் 60 நிமிடம் ஆடிச் சமன் ஆகியிருந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று ரியோகொகுவில் மறுபடி மோதும்போது ஒக்காடாவிடம் 13 புள்ளி, ஒமேகாவிடம் 12. ஒக்காடாவின் அந்த ஒற்றைப்படை எண், சில நாள் முன்பு மினோரு சுசுகியோடு ஆடிய சமனில் வந்தது. அதனால் இன்றும் சமன் ஆனால் ஒக்காடா இறுதிக்குப் போய்விடுவார். ஒமேகாவுக்கு ஜெயிப்பதைத் தவிர வழியில்லை, அதுவும் 30 நிமிடத்துக்குள். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். அறிவிப்பாளர் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் நேரம் சொல்லச் சொல்லக் கூட்டத்தின் சத்தம் மாறுவதைக் கேட்கலாம். 25 நிமிடத்தை நெருங்கும்போது ஒமேகா ஜெயித்தார். பேசி வைத்த ஆட்டம் ஒன்றில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புள்ளிப் பட்டியல் செய்யும் வேலை இதுதான்.

இதுவரை எழுதியதெல்லாம் கணக்கு. கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம், விழுகிற கழுத்து நிஜம். மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், வளையத்துக்குள்ளேயே, முதுகுப்புறமாகத் தூக்கி எறியப்பட்ட ஒரு வீச்சில் கழுத்தெலும்பு சேதமாகி இறந்தார். வயது 46. அந்த ஒரு வீச்சு மட்டும் அவரைக் கொல்லவில்லை. தொண்ணூறுகளில் நாம் கைதட்டிப் பார்த்த அத்தனை வீச்சுகளும் அந்தக் கழுத்தில் சேர்ந்திருந்தன.

கட்சுயோரி ஷிபாட்டா என்று ஒருவர். 2017 மார்ச்சில் நியூ ஜப்பான் கோப்பை என்ற நாக்அவுட் போட்டியை ஜெயித்து, ஒக்காடாவோடு பட்டத்துக்கு மோதும் வாய்ப்பைப் பெற்றார். ஏப்ரல் 9, ரியோகொகு. ஆட்டத்தின் நடுவே ஒக்காடாவின் தலையில் தன் நெற்றியால் முட்டினார். கையைக் குறுக்கே வைத்து ஒலி எழுப்பும் வித்தை எதுவும் இல்லை, எலும்போடு எலும்பு. மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்ட சத்தம். நெற்றியிலிருந்து ஒரு கோடாக ரத்தம் இறங்கியது. அவர் ஆடி முடித்து, தோற்று, பின்னால் நடந்துபோய் விழுந்தார். மூளை உறைக்குக் கீழே ரத்தக்கசிவு. அவசர அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார், ஆட்ட வாழ்க்கை போனது.

அந்த முட்டல் சத்தத்தைக் கேட்டபோது நான் கத்தினேன், சந்தோஷத்தில். எல்லா ரசிகர்களும் அதைத்தான் செய்தோம். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தை ஒருமுறைதான் முழுசாகப் பார்க்க முடிந்தது. ஒருத்தர் தோற்பது எவ்வளவு நம்பும்படி இருக்கிறதோ அவ்வளவு ரசிப்போம் என்று நாம் கூட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறோம். ஷிபாட்டா அதற்கு ஒப்புக்கொடுத்தார். அதே ஆகஸ்டில், ஒமேகா–ஒக்காடா ஆட்டத்துக்கு மறுநாள், ஜி-1 இறுதி நடந்த இரவில் ஷிபாட்டா திடீரென்று வளையத்துக்குள் வந்தார். தான் உயிரோடு இருப்பதாக மட்டும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அழாதவர்கள் குறைவு.

பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்தது. 2020, 2021 இரண்டு வருடமும் ஜி-1 இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. ரசிகர்கள் முகக்கவசம் போட வேண்டும், வாய்விட்டுக் கத்தக்கூடாது, கை தட்டலாம், காலால் தரையைத் தட்டலாம். ஜப்பானியக் கூட்டம் அதை அப்படியே கடைப்பிடித்தது. ஆச்சரியத்தில் எழும் அந்த "ஓ"கூட அடங்கிப்போனது.

2021 அக்டோபர் 21, புடோகான், ஜி-1 இறுதி நாள். நிகழ்ச்சியின் நடுவில் அறிவிப்பே இல்லாமல் ஷிபாட்டா வந்தார். நான்கரை வருடத்துக்குப் பிறகு. ஜாக் சேபர் ஜூனியரோடு ஐந்து நிமிடம், அடி உதை இல்லாத, பிடிகள் மட்டுமே உள்ள காட்சி ஆட்டம். புள்ளி கிடையாது. சமன்.

அன்றைய கடைசி ஆட்டம் ஒக்காடாவுக்கும் கோட்டா இபுஷிக்கும் இறுதி. இபுஷி முந்தைய இரண்டு வருடமும் சாம்பியன். இருபது நிமிடம் தாண்டும்போது கயிற்றின் உச்சியிலிருந்து சுழன்று பாய்ந்தார். ஒக்காடா உருண்டு விலக, இபுஷி தரையில் மோதி வலது தோள் இடம் பெயர்ந்தது. எழுந்திருக்கவில்லை. நடுவர் குனிந்து பார்த்தார், பேசினார், இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார். பட்டியலில் நடுவர் நிறுத்தம், வெற்றி ஒக்காடா என்று பதிவானது. மருத்துவர் உள்ளே வந்தார். கோப்பையை ஜெயித்தவர் சிரிக்கவில்லை. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் எழுந்திருந்தார்கள், கத்த அனுமதி இல்லாததால் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.